வெடி வைத்து ஒட்டிய தகடு

தேங்காய், மண்பானை, தர்பூசணி, பழைய கதவுப் பலகை, எதையும் தட்டிப் பார்க்காமல் நான் வாங்க மாட்டேன். நான் தூரத்தில் வரும்போதே சந்தைக் கடைக்காரர்கள் பெருமூச்சு விடுவது எனக்குத் தெரியும். இது என் பிறவிக் குணமா, தொழில் தந்த வியாதியா என்று தெரியாது. கல்யாணத்துக்கு முன் திருச்சியில் எனக்கு வெல்டிங் சோதிக்கும் வேலை. பாய்லர் செய்யும் பட்டறைகளுக்குப் போய், இரும்பை இரும்போடு ஒட்டிய இடங்களைப் பரிசோதித்துச் சொல்ல வேண்டும். கையில் ஒரு சின்னக் கருவி. அது காதுக்கு எட்டாத ஒலியை உலோகத்துக்குள் அனுப்பி, திரும்பி வருவதைத் திரையில் காட்டும். ஒலி அடிவரை போய்த் திரும்பினால் நல்லது. பாதி வழியில் முட்டிக்கொண்டு சீக்கிரமே திரும்பினால் அங்கே பொள்ளல் என்று பொருள். சிவப்பு மார்க்கரால் கோடு போட்டு, "இது ஆகாது" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். என்னைக் கண்டால் வெல்டர்களுக்கு வேப்பங்காய்தான்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, காபி டம்ளரை வாங்கிக்கொண்ட கையோடு என் மாமனார் சொன்னது இது.

"வெல்டிங்கத் தட்டித் தட்டிப் பாக்குற வேலையாமே? எங்க மகனையும் ஒரு தட்டு தட்டிப் பாத்துக்கத்தா. பின்னால குறை சொல்லக் கூடாது."

கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாப்பிள்ளையைவிட முதலில் எனக்குப் பிடித்துப்போனது மாமனாரைத்தான். இதை என் கணவரிடமே பல தடவை சொல்லியிருக்கிறேன். அவருக்கும் அதில் வருத்தமில்லை.

தட்டிப் பார்த்ததில் மாப்பிள்ளையிடம் பொள்ளல் எதுவும் இல்லை. ஆள் ஊரில் தங்கமாட்டார் என்பதுதான் குறை. வளைகுடாவில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். அந்தக் கம்பெனியின் தொழிலே வினோதம். ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு உலோகத் தகடுகளை, நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு ஒன்றின்மேல் ஒன்றாக வைப்பார்கள். மேல் தகட்டின் முதுகில் வெடிமருந்தைப் பரப்பி வெடிக்கவைப்பார்கள். மேல் தகடு கீழ்த் தகட்டின்மேல் அறைந்து ஒட்டிக்கொள்ளும். கல்யாணமான புதிதில் இதை அவர் சொன்னபோது எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"வெடி வச்சா எல்லாம் சிதறும். ஒட்டுமா? நீங்க என்னையக் கேலி பண்றீக."

"கேலி இல்ல. எஃகையும் அலுமினியத்தையும் நீ எப்படி ஒட்டுவ, சொல்லு பாப்போம்."

சொல்ல முடியவில்லை. அவை இரண்டையும் உருக்கி ஒட்டினால் நடுவில் பீங்கான்போல நொறுங்கும் ஒரு படிவம் உண்டாகும். தட்டினால் விட்டுப்போகும். வெடி வைக்கும்போது தகடுகள் உருகுவதற்கு நேரமே கிடைக்காது. இரண்டும் மோதும் வேகத்தில் மேல்தோலில் இருக்கும் துருவும் அழுக்கும் பீச்சிக்கொண்டு வெளியே போய்விடும். உள்ளேயிருக்கும் சுத்தமான உலோகமும் சுத்தமான உலோகமும் நேருக்கு நேர் தொட்டுக்கொள்ளும். பின்னாளில் அப்படி ஒட்டிய தகட்டை வெட்டிப் பளபளப்பாக்கி, பூதக்கண்ணாடி வைத்துக் காட்டினார். இரண்டு உலோகமும் சேர்ந்த கோடு, காற்றடிக்கும்போது கண்மாயில் எழும் சிற்றலைபோல வளைந்து வளைந்து போயிருந்தது. எனக்கு வாயடைத்துப் போனது. என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

இதைக் கேட்டவர்கள் உடனே, "அப்ப கல்யாணம் மாதிரின்னு சொல்லுங்க" என்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்குப் புளித்துவிட்டது. கல்யாணத்தில் வெடிப்பதெல்லாம் ஒட்டிய பிறகுதானே?

ஒவ்வொரு விடுமுறை முடிந்தும் அவர் கிளம்பும்போது காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் ஒரு காட்சி நடக்கும். மாமனார் சட்டைப் பையிலிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்து, பிள்ளையார்பட்டித் திருநீற்றை மகனின் நெற்றி நிறையப் பூசிவிட்டு, "போயிட்டு வாப்பா" என்பார். அவ்வளவுதான். அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வேலையில் இருந்த நாளெல்லாம் காலையில் வண்டியை எடுக்கும் முன் முன்கண்ணாடியின் ஓரத்தில் மூன்று பட்டை திருநீறும் நடுவில் ஒரு குங்குமப் பொட்டும் வைக்காமல் சாவியைத் தொடமாட்டாராம். ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பட்டை எங்கள் வீட்டு மிக்சி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார், என் ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் வந்து சேர்ந்தது. என் சோதனைக் கருவியின் பெட்டியில்கூட ஒன்று உண்டு. மாமியார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். மகனை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும் வழியெல்லாம் மாமனார் ஒரு வார்த்தை பேசமாட்டார். எங்கள் மகள் அப்பாவை அதிகமும் போன் திரையில் பார்த்தே வளர்ந்தாள்.

பிறகு ஒரு விடுமுறையில் வந்தவர், "இனி போகல" என்றார். ஏன் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. கேட்டால் மனசு மாறிவிடுமோ என்ற பயம்தான்.

சாக்கோட்டை போகிற சாலையில் ஒரு ஷெட் பிடித்து, அதே தொழிலை இங்கே செய்வது என்று முடிவெடுத்தார். வெடிப்பதற்கு நெற்குப்பை என்ற ஊர்ப் பக்கம் ஒரு கல்குவாரி. அங்கே உரிமம் பெற்ற வெடிக்காரர் இருந்தார். மருந்தும் திரியும் அவர் பொறுப்பு. அனுமதி வாங்குவது குதிரைக் கொம்பாக இருந்தது. அதை வாங்கி முடித்தபோது என் கணவரின் காதோரம் நரைத்திருந்தது.

யாருக்கு வேண்டும் இந்தத் தகடு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். தொண்டிக் கடற்கரையில் படகு கட்டும் ஒரு பட்டறைக்காரருக்கு வேண்டும். அடிப்பாகம் எஃகு, மேலே கேபின் அலுமினியம் என்று படகு கட்டினால் பாரம் குறையும். ஆனால் இரண்டையும் எப்படி இணைப்பது? போல்ட் போட்டால் உப்புக்காற்றில் அரித்துவிடும். எங்கள் தகட்டை நீளப் பட்டிகளாக வெட்டிக் கொடுத்தால், எஃகுப் பக்கத்தை எஃகோடும் அலுமினியப் பக்கத்தை அலுமினியத்தோடும் வெல்டிங் வைத்துக்கொள்ளலாம். நடுவில் இருக்கும் கஷ்டத்தை நாங்கள் முன்கூட்டியே வெடித்துத் தீர்த்திருப்போம்.

முதல் தகடு அப்பளம்போல எழும்பி வந்தது. இரண்டாவதில் மருந்து அதிகமாகி, உளியை வைத்ததும் பிளந்தது. மூன்றாவது நன்றாகவே ஒட்டியது, ஆனால் பாதிதான். அரைக்கிணறு தாண்டிய கதை. மூன்றையும் சோதித்து "ஆகாது" என்று சொன்னவள் நான்தான். வீட்டில் குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டு ஷெட்டில் வந்து ஆகாது என்று சொல்வது லேசான காரியமில்லை. ஒருமுறை தயங்கினேன். அப்போது அவர் சொன்னார்.

"நீ எம்பொண்டாட்டியாப் பாக்காத. திருச்சியில எப்படிப் பாப்பியோ, அப்படிப் பாரு. கடல்ல போறவுக உசிரு இதுல இருக்கு."

நாலாவது தகட்டுக்கு முன் அவருடைய பழைய கம்பெனியிலிருந்து போன் வந்தது. விசா தயாராக இருக்கிறது, மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். அன்று சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே சொன்னார். "இந்தத் தகடும் சரியா வரலைன்னா நான் போயிர்றேம்ப்பா. தொண்டிக்காரரும் எத்தன நாளுக்குக் காத்திருப்பாரு?"

மாமனார் ரசத்தைக் கையில் வாங்கியபடி அப்படியே இருந்தார். ரசம் விரலிடுக்கில் ஒழுகித் தட்டில் சொட்டியது. நான் மோர் எடுக்க எழுந்துபோனேன். உட்கார்ந்திருந்தால் அழுதிருப்பேன். எனக்குச் சாப்பாட்டு நேரத்தில் அழுவது பிடிக்காது.

வெடிப்பதற்கு முந்தின நாள் ஷெட்டில் சுத்தம் செய்யும் வேலை. எஃகுத் தகட்டின் மேல்பக்கத்தையும், அதன்மேல் வந்து அறையப்போகும் அலுமினியத் தகட்டின் அடிப்பக்கத்தையும் தேய்த்து, கம்பிப் பிரஷ் போட்டு, அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்துத் துடைத்துக் கண்ணாடி ஆக்கினார். மாமனார் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"கை பட்ரக் கூடாதுப்பா. கையில இருக்குற எண்ணெ பிசுக்குகூட ஆகாது" என்று என் கணவர் எச்சரித்தார்.

"நான் எதுக்குடா தொடப்போறேன்? ஆமா, மருந்த எந்தப் பக்கம் கொட்டுவீக?"

"முதுகுப் பக்கம். இந்தப் பக்கம் ஒட்டுற பக்கம்."

மாமனார் தலையாட்டிக்கொண்டார். அலுமினியத் தகட்டை அவருடைய துவைத்த பழைய வேட்டியில் பொதிந்து சுவரில் சாத்தி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

மறுநாள் விடிந்ததும் குவாரிக்குப் போனோம். மணல் பரப்பி எஃகுத் தகட்டைக் கிடத்தினார்கள். மூலைகளில் சின்னச் சின்ன இடைவெளிக் கட்டைகள் வைத்தார்கள். அலுமினியத் தகட்டை வேட்டியோடு தூக்கி வந்து, ஒட்டுகிற பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து, வேட்டியை உருவிக்கொண்டு இறக்கினார்கள். அட்டையால் சட்டம் கட்டி அதற்குள் மருந்தைப் பரப்பினார் வெடிக்காரர். விசில் ஊதியதும் எல்லாரும் பாறை மறைவுக்குப் போனோம். மாமனார் தூரத்தில் மினி லாரியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

வெடிச் சத்தம் காதில் விழுவதற்கு முன் நெஞ்சில் விழும். தூசி அடங்கிப் போய்ப் பார்த்தால், தகடு மணலில் புதைந்து கிடந்தது. என் கணவர் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். கோயில் மணிபோலக் கேட்டது. வெடிக்காரர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். மாமனார் கண்ணைத் திறந்து, "ஒட்டிருச்சா?" என்று அங்கிருந்தே கத்தினார்.

"இன்னும் இவ சொல்லணுமே" என்றார் என் கணவர், என்னைக் காட்டி.

மதியம் ஷெட்டில் தகட்டின்மேல் சாக்பீஸால் கட்டம் போட்டு, ஒலி உள்ளே இறங்குவதற்கான பசையைத் தடவி, கருவியை நகர்த்த ஆரம்பித்தேன். இந்த மாதிரி இணைப்பைச் சோதிப்பதில் ஒரு விசேஷம் உண்டு. எவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தாலும், அலுமினியம் முடிந்து எஃகு தொடங்கும் இடத்தில் சின்னதாக ஓர் எதிரொலி வந்துகொண்டேதான் இருக்கும். இரண்டும் வேறு வேறு என்பதற்கு அது அடையாளம், குறை இல்லை. புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துப் பயந்துபோவார்கள். அந்தச் சின்ன எதிரொலி சட்டென்று உயர்ந்து, அடியிலிருந்து வரும் பெரிய எதிரொலி காணாமல் போனால்தான் பயப்பட வேண்டும்.

ஓரத்தில் ஒரு விரற்கடை ஒட்டவில்லை. அது எப்போதும் அப்படித்தான், வெட்டிப் போட்டுவிடலாம். உள்ளே நகர்ந்தேன். நல்லது, நல்லது, நல்லது. என் கணவர் மூச்சுக்கூட விடாமல் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தகட்டின் நடுவுக்கு வந்தபோது எதிரொலி எகிறியது. சிவப்பு மார்க்கரால் புள்ளி வைத்தேன். பக்கத்தில் நகர்த்தினேன். அங்கும் எகிறியது. இன்னொரு புள்ளி. புள்ளிகள் குறுக்காக நீண்டுகொண்டே போயின. அதற்குக் கீழே கொஞ்ச இடம் நன்றாக இருந்தது. மறுபடியும் குறுக்காக ஒரு வரிசை.

மூன்றாவது வரிசை தொடங்கியபோது என் கணவர் வெளியே போய்விட்டார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்ததுபோல இருந்தது எனக்கு. இருந்தாலும் பாதியில் நிறுத்துகிற பழக்கம் எனக்கு இல்லை. கடைசிக் கட்டம் வரை முடித்தேன். நடுவில் வட்டமாக ஓர் இடமும் ஒட்டாமல் இருந்தது.

புள்ளிகளை இணைத்துக் கோடு போட்டுவிட்டு, முதுகை நிமிர்த்தி, இரண்டடி பின்னால் வந்து பார்த்தேன்.

மூன்று பட்டை. நடுவில் ஒரு பொட்டு.

எங்கள் வீட்டு மிக்சியில் இருப்பது. என் ஸ்கூட்டரில் இருப்பது. பக்கத்தில் திறந்து கிடந்த என் கருவிப் பெட்டியின் மூடியில் இருப்பது. சிரிப்பு தொண்டை வரை வந்து, அங்கேயே அழுகையாக மாறித் திரும்பிப் போனது.

வெளியே என் கணவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்து நின்றார். "கம்பெனிக்குச் சொல்லிர்றேன். எங்க தப்புன்னே புரியல. எல்லாம் கணக்காத்தான் செஞ்சேன்" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க. நான் இன்னும் முடிக்கல" என்று பொய் சொல்லிவிட்டு, மாமனார் உட்கார்ந்திருந்த வேப்பமரத்தடிக்குப் போனேன். டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"மாமா, தகடு வேட்டியில இருந்தப்ப நீங்க தொட்டீகளா?"

"கை படல ஆத்தா." கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது.

"கை படல, சரி. வேற என்ன பட்டுச்சு?"

டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"வெத்தலக் காம்பு" என்றார்.

குவாரிக்குக் கிளம்பும் முன், நாங்கள் மினி லாரிக்காரரை எழுப்பப்போன நேரத்தில் ஷெட்டுக்குள் தனியாக இருந்திருக்கிறார். வேட்டி முடிச்சை அவிழ்த்து, வெற்றிலைக் காம்பைத் திருநீற்றில் தோய்த்துத் தோய்த்துப் பட்டை போட்டு, நடுவில் குங்குமம் வைத்து, ஊதிக் காயவைத்து, மறுபடி முடிந்து வைத்திருக்கிறார்.

"மேல வச்சா மருந்து கொட்டுவான். சாமி துன்னூறு வெடிச்சுச் செதறிப் போகும்ல. அதான் உள்ளாற பத்திரமா இருக்கட்டும்னு அங்குட்டு வச்சேன். உதுந்து போயிரக் கூடாதுன்னு நல்லாக் கொழச்சுக் கெட்டியாப் பூசினேன் தாயி."

மெல்லிசாகப் பூசியிருந்தால்கூட அந்த மோதலில் அழுக்கோடு அழுக்காக வெளியே பீச்சியடித்திருக்கும். கெட்டியாகப் பூசிவிட்டார். பக்தி கொஞ்சம் குறைவாக இருந்திருக்கலாம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். பிள்ளையாரைப் பிடித்துச் சரியாகத்தான் வைத்திருந்தார், வைத்த இடம்தான் அப்படி. நான் முன்கோபக்காரி என்பது ஊருக்கே தெரியும். கோபத்தைத் தேடிப் பார்த்தேன். அந்த மனிதரின் சுருங்கிய விரல் நுனியில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த குங்குமச் சிவப்பைப் பார்த்த பிறகு கோபம் வர மறுத்துவிட்டது.

"எதுக்கு மாமா பூசினீக?"

"அவன் போகக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டுப் பூசினேன்." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "என்னத்தா? அந்த எடம் ஒட்டலயா?"

"அந்த எடம் மட்டும் ஒட்டல மாமா."

"அப்ப நாந்தே அவன அனுப்பி வைக்கிறேனா?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மாமனார் கையை மருமகள் பிடித்துக்கொண்டு உட்காரும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. யார் பார்த்தால் என்ன என்று இருந்தது. "நான் சொல்லிக்கிறேன் மாமா. நீங்க இருங்க" என்றேன்.

அவர் எழுந்துவிட்டார். "வண்டி இடிச்சா டிரைவர்தான் எறங்கிச் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு மகனிடம் நடந்தார்.

அவர் சொல்லி முடித்ததும் என் கணவர் உள்ளே வந்து, தகட்டின்மேல் நான் போட்டிருந்த சிவப்புக் கோடுகளைப் பார்த்தார். "உள்ளயா பூசினீக?" என்று கேட்டார். மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். "ஒட்டுற பக்கத்துலயா?" என்று இன்னொரு தடவை கேட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். "அப்ப என் கணக்குல தப்பில்ல. அப்பா, என் கணக்குல தப்பில்ல!" என்று அப்பாவின் காலைப் பிடித்து ஆட்டினார். மாமனாருக்கு இது சிரிக்கிற விஷயமா, திட்டுகிற விஷயமா என்று பிடிபடவில்லை.

ஆனால் சிரிப்பு அடங்கியதும் நிலைமை அப்படியேதான் இருந்தது. மறுநாள் தொண்டிக்காரர் வருகிறார். கைவசம் வேறு தகடு இல்லை. விசாவுக்குப் பதில் சொல்லும் கெடுவும் நெருங்கிவிட்டது.

"அந்தச் செவப்புக் கோட்ட மட்டும் அழிச்சுட்டா…" என்று மெதுவாக இழுத்தார் மாமனார்.

நானும் என் கணவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம். "இல்ல, சும்மா கேட்டேன்" என்று வெற்றிலைப் பெட்டியைத் தேடப் போய்விட்டார்.

தொண்டிக்காரர் பெரிய உடம்புக்காரர். வெள்ளைத் தொப்பி, வெள்ளைத் தாடி. போனில் பேசியதை வைத்து, அதிகம் பேசாதவர் என்று நினைத்திருந்தேன். தகட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மாமனாரின் நெற்றியைப் பார்த்தார். மறுபடி தகட்டைப் பார்த்தார்.

"என்னம்மா, தகடு பட்ட போட்டுக்கிட்டு உக்காந்திருக்கு?"

என் கணவர் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். தொண்டிக்காரர் தாடியைத் தடவிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"எங்க அத்தாவும் லாஞ்சு கட்டி முடிச்சா ஃபாத்திஹா ஓதாமத் தண்ணியில எறக்க மாட்டாக. ஆனா, பலகைக்கும் பலகைக்கும் நடுவுல வச்சு ஓதுனது கெடயாது பெரியவரே."

மாமனார் முதல் தடவையாகச் சிரித்தார். ஆனால் தொண்டிக்காரர் சிரிக்கவில்லை. வேலை என்று வந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. பட்டைக்கு மேலேயும் கீழேயும் இருக்கிற இடத்தைப் பட்டிகளாக வெட்டச் சொன்னார். கையில் கிடைத்த ஒன்றை வைஸில் இறுக்கிப் பூட்டி, இரண்டு உலோகமும் சேரும் கோட்டில் உளியை வைத்து, தானே சம்மட்டியை ஓங்கினார். ஒட்டு சரியில்லை என்றால் அந்தக் கோட்டிலேயே புத்தகம்போலப் பிரிந்துவிடும். மாமனார் ஷெட்டின் மூலையில் போய் நின்றுகொண்டார். அடி விழும்போதெல்லாம் அவர் தோள் தூக்கிப் போட்டது.

உளி இறங்கியது. கோடு பிரியவில்லை. உளி வழுக்கிக்கொண்டு அலுமினியத்தின் சதைக்குள் போய், அலுமினியம்தான் கிழிந்தது. எஃகின்மேல் ஒட்டிய பகுதி ஒட்டியபடியே இருந்தது. இன்னொரு பட்டியை எடுத்து அப்படியே அடித்துப் பார்த்தார். அதற்கும் அதே கதை. மூன்றாவதை இரண்டாக வளைத்துப் பார்த்தார். பிறகு சம்மட்டியை வைத்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க என்னம்மா சொல்றீக? நீங்கதான கண்டிசனான ஆளுன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாரு."

"பட்டை இருக்குற எடம் ஆகாது பாய். மத்தது ஆகும்" என்றேன். என் குரல் நடுங்கியது. நான் வேலை பார்த்த காலத்தில் என் குரல் நடுங்கியதே இல்லை.

"அப்பச் சரி. இத எடுத்துக்கிறேன். கட்டப்போற அடுத்த ரெண்டு படகுக்கும் செஞ்சு குடுங்க. பெரியவரே, பட்டைய வெளிய போடுங்க. முதுகுல வேணாம், வவுத்துலயும் வேணாம், வண்டியில போடுங்க."

அவர் கார் சாலையில் திரும்பியதும் என் கணவர் போனை எடுத்து, பழைய கம்பெனிக்கு இரண்டே வார்த்தை சொல்லி வைத்துவிட்டார். பிறகு யாரும் சொல்லாமலே, மிச்சமிருந்த நடுப்பகுதியை எடுத்து, பட்டையைச் சுற்றி ரம்பத்தால் அறுக்க ஆரம்பித்தார். உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ஆசை. எனக்கும் இருந்தது. கருகிப்போய்க் கறுப்பாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். கடைசி ஓரம் அறுந்ததும் மூடிபோல ஒரு துண்டு கழன்று வந்தது.

குங்குமம் கரியாகியிருந்தது. திருநீறு வெள்ளையாகவே இருந்தது. அத்தனை பெரிய வெடியில் அது என்ன ஆகியிருக்கும்? சாம்பல்தானே, எரிவதற்கு அதில் என்ன இருக்கிறது?

மாமனார் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார். "இத இப்பக் கையால தொடலாமாத்தா?" என்று என்னிடம் கேட்டார்.

"தொடுங்க மாமா."

விரலால் வழித்தெடுத்து, மகனின் தலையைப் பிடித்துத் தாழ்த்தி, பஸ் ஸ்டாண்டில் பூசுவதுபோலவே நெற்றி நிறையப் பூசினார். பழக்கதோஷத்தில் வாய் தானாகத் திறந்தது. "போயி…" என்று தொடங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். கனைத்துச் சரிசெய்துகொண்டார்.

"போயி… கை காலக் கழுவிட்டு வாப்பா. சாப்புட வீட்டுக்குப் போவோம்."

என் கணவர் குழாயடிக்குப் போனார். வெகுநேரம் அங்கேயே நின்று கையைக் கழுவினார், காலைக் கழுவினார். முகத்தை மட்டும் கழுவாமல் வந்தார்.